இரண்டாம் ஒளி மூலம்

பழ ஈக்கு வெளிச்சம் பிடிக்குமா, இருட்டு பிடிக்குமா என்று நாட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் 1963-ஆம் வருடம் அதைக் கண்டுபிடிக்க ராயபுரத்தில் ஒரு நிலையம் திறந்தார்கள். ஒளிநாட்ட ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். துறைமுக ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்கு அது. முன்பு அதில் உப்பு மூட்டை இருந்ததாம். உப்பு இருந்தவரை நாலு பேருக்கு உபயோகமாவது இருந்திருக்கும். நான் அங்கே ஒன்பது வருடம் டைப்பிஸ்ட். அந்த நிலையம் உலகத்துக்குச் சொன்ன ஒவ்வொரு பொய்யும் என் விரல் வழியாகத்தான் போயிற்று. அதனால் கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

இயக்குநர் டாக்டர் செல்வநாதன் வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்தக் குளிரை மறக்க மனமில்லாமல் சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். ஈயின் மூளையில் நரம்புகள் கூடும் ஓரிடத்தில் 'ஒளிவேட்கை முடிச்சு' என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ஈயை வெளிச்சத்தின் பக்கம் பிடித்துத் தள்ளுகிறது என்பது அவர் கொள்கை. அந்த முடிச்சை அவர் பார்த்ததில்லை. ஆனால் ஓர் ஓவியரிடம் சொல்லி வரைய வைத்திருந்தார். படம் நன்றாக வந்திருந்தது.

வியாகுலம்மாளை முதல் வருடமே வேலைக்கு எடுத்தார்கள். அவள் காத்திவாக்கத்துப் பெண். அங்கே கழிமுகத்துச் சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பத்து வயதிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் தாமஸைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தாள். ஈயில் ஆண் பெண் பிரிக்க நிலையம் ஆள் தேடியபோது, பட்டம் படித்த இரண்டு பேர் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண் வலிக்கிறது என்று போய்விட்டார்கள். வியாகுலம்மாள் மயங்கிக் கிடந்த ஈக்களைக் கோழி இறகால் தள்ளித் தள்ளி, பால் காயும் நேரத்தில் இருநூறைப் பிரித்து வைத்தாள்.

"குண்டி கறுப்பா கீறது ஆம்பள. கோடு கோடா கீறது பொம்பள. இதுக்கா சார் ஆளு தேடிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்றே தற்காலிகமாகப் போட்டார். அறிக்கை முடிந்ததும் நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்தார்.

சோதனை எளிமையானதுதான். ஓர் அறையைக் கறுப்புத் துணியால் மூடி, நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் கிடத்தியிருந்தார்கள். மேற்கு முனையில் நூறு ஈயை விடவேண்டும். கிழக்கு முனையில் வலைத்துணி கட்டி அதை ஒட்டி ஒரு விளக்கு எரியும். கால் மணி கழித்து எத்தனை ஈ விளக்குப் பக்கம் வந்திருக்கின்றன என்று எண்ணவேண்டும். ஈயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால், எண்ணுகிறவருக்கு மட்டும் மூலையில் ஒரு சிவப்பு பல்பு. கிழக்கு விளக்குக்குக் கம்பி கொண்டுவர எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போட்டிருந்தான். கம்பி நூல் பருமன், ஓட்டை முஷ்டி பருமன். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டி.

நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு ஈ விளக்குப் பக்கம் வந்தன. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மாதமும் அப்படியேதான். மேல்நாட்டு ஈக்கள் எழுபதைத் தாண்டுவதில்லை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த வருட ஆண்டுவிழாவில் இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"மேல்நாட்டு ஈ வெளிச்சத்தைப் பார்த்ததும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. நம் ஈ யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் நம் பலம். இந்த நிலையத்தையும் நான் அப்படியேதான் நடத்தி வருகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அதை டைப் அடித்துக் கொடுத்தபோது கடைசி வரியைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதன் கீழ் கோடு போட்டுக் கொடுத்தார்.

வருடங்கள் போயின. தாமஸுக்கு நெஞ்சில் கரித்தூள் இறங்கி இருமல் பிடித்தது. நெஞ்சு வார்டில் படுக்கை வேண்டுமானால் நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கான அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு வராந்தா. வியாகுலம்மாள் அவருக்குச் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்து இருமலைத் தணித்து வந்தாள். நிலையத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"டைப் சாரே, நம்ம ஆடரு வந்துச்சா?"

"அறிக்கை முடியணுமாம்."

"அது எப்ப முடியும்?"

எனக்குத் தெரியாது. ஓர் ஆராய்ச்சி முடிந்துவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதை முடிக்க அவசரப்படவில்லை.

ஐந்தாம் வருடம் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. ஈயின் கண்ணை மறைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒற்றை முடியாலான தூரிகையில் கறுப்பு வார்னிஷ் தொட்டு வியாகுலம்மாள் நூறு ஈக்கு இருநூறு கண்ணையும் பூசினாள். ஒரு வாரம் ஆயிற்று. அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஈக்களைக் குழாயில் விட்டார்கள். தொண்ணூற்று மூன்று வந்தன.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார்கள். இயக்குநர் வேட்டி நுனி தடுக்காத குறையாகத் துள்ளினார். அன்று கோட்டுக்குக் கீழே அதுதான் கட்டியிருந்தார். 'கண்ணின் துணையின்றி ஒளி காணும் மூளை' என்று கட்டுரை எழுதினார். ஓவியரைக் கூப்பிட்டு முடிச்சை இன்னும் கொஞ்சம் பெரிதாக வரையச் சொன்னார். வியாகுலம்மாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"எனுக்குக் கண்ண மூடினா வாசப்படி தெர்ல. ஈக்கு மட்டும் எப்டி சார் தெரியுது?"

"அது மூளையாலயே பாக்குதாம்."

"நல்ல மூள," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாம் வருடம் மழைக்காலத்தில் ஒருநாள், ஈக்களை விட்டுக் கறுப்புத் துணியை இழுத்த பிறகு கிழக்கு விளக்கு பியூஸ் போய்விட்டது. அவள் அதைக் கால் மணி கழித்துத்தான் பார்த்தாள். விளக்கு செத்துக் கிடந்தது. தொண்ணூற்றைந்து ஈ அதன் பக்கம் மொய்த்துக்கொண்டிருந்தன. அவள் குனிந்து குழாயின் முனையில் முகத்தை வைத்தாள். சுவர் ஓட்டை வழியாகக் கருப்பட்டி வாசனை குப்பென்று வந்தது. அவள் வீட்டு அடுப்பில் தினமும் வரும் வாசனை. எங்கள் நிலையம் முழுக்க எட்டு வருடமாக அந்த வாசனைதான். கடற்கரையில் குடியிருப்பவனுக்கு அலைச் சத்தம் கேட்காத மாதிரி எங்கள் யார் மூக்கிலும் அது ஏறவில்லை.

அவள் நேராக அலுவலகக் கண்காணிப்பாளர் தேவப்பிரியத்திடம் போனாள். தேவப்பிரியம் முறைக்குப் பெயர் போனவர். வீட்டில் மனைவி காபி கொடுத்தால்கூட எந்த உத்தரவின் பேரில் என்று கேட்பார் என்பார்கள்.

"சார், ஈ லைட்டுக்கு வர்ல சார். கருப்பட்டிக்கு வருது. லைட்டு அவிஞ்சு போயும் வந்துகினு கீது."

தேவப்பிரியம் பேனாவை மூடினார். "இதை நீ எப்படிச் சொல்றே?"

"கண்ணால பாத்தேன் சார்."

"பார்த்தியா, கவனிச்சியா?"

அவளுக்குப் புரியவில்லை. தேவப்பிரியம் பொறுமையாக விளக்கினார். "கவனிக்கிற அதிகாரம் இளநிலை அறிவியல் உதவியாளர்லேருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்குக் கீழே இருக்கிறவங்க பார்க்கலாம், தப்பில்லே. அதை நிலையம் கணக்கில எடுத்துக்க முடியாது."

"அப்ப மேல இருக்கிற சார வந்து கவனிக்கச் சொல்லுங்க."

"அவங்க இருட்டறைக்குள்ளே வர்றதில்லே. அவங்களுக்கு அந்த வேலை கிடையாது."

ஆனாலும் விஷயம் இயக்குநர் காதுக்குப் போயிற்று. தற்காலிக ஊழியர் ஒருவர் கவனித்திருக்கக்கூடுமா என்பதை ஆராய மூன்று பேர் குழு போட்டார். குழு நாலு முறை கூடியது. நாலு முறையும் மண்டிப் பக்க ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று வாங்கிக்கொண்டே பேசினார்கள். கடைசியில் வியாகுலம்மாளைக் கூப்பிட்டு இயக்குநரே தீர்ப்புச் சொன்னார். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

"வாசனை நம் துறை இல்லையம்மா. நமக்கு ஒளிக்குத்தான் அனுமதி. இந்தச் சம்பவத்திலிருந்து தெரிவது ஒன்றே ஒன்று. நம் ஈக்குக் கண்ணும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். விளக்கு இருந்த நினைவே போதும். இது உலகத்துக்கே புதிது. உன்னால் இது வெளிவந்ததற்கு நன்றி. இனிமேல் செய்யாதே."

"அப்ப என் ஆடரு சார்?"

"அறிக்கை இன்னும் நீளுகிறதே," என்றார் இயக்குநர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது போல் இருந்தது.

அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் மூக்கு இருந்தது. ஆனால் எனக்கு டைப் அடிக்கிற அதிகாரம் மட்டுமே உண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் நிரந்தரம்.

அடுத்த வருடம் தங்கப்பாண்டி அண்ணாச்சி பெரிய கொட்டகையாகப் பார்த்து மண்டியைத் திருவொற்றியூருக்கு மாற்றிக்கொண்டு போனார். மூன்று நாள் லாரி வந்து மூட்டை ஏற்றியது. நாலாம் நாள் குழாயில் நூறு ஈயை விட்டபோது விளக்கு முனைக்கு வந்தவை நாற்பத்தெட்டு. மீதி ஆங்காங்கே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

நிலையத்தில் எழவு விழுந்த மாதிரி ஆயிற்று. விளக்கை மாற்றினார்கள். குழாயைக் கழுவினார்கள். ஈக்கு வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள் கொடுத்தார்கள். ஓவியர் வந்து, முடிச்சு அவிழ்ந்து கிடப்பதாக ஒரு படம் வரைந்து கொடுத்தார். அது பழைய படத்தைவிட அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் இயக்குநர் காரணம் கண்டுபிடித்து வியாகுலம்மாளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதை டைப் அடித்தவன் என்ற முறையில் வரி வரியாகச் சொல்ல முடியும். தற்காலிக ஊழியர் நம்பிக்கை இழந்த மனநிலையில் ஈக்களைக் கையாண்டு வருவதாகவும், அந்த அவநம்பிக்கை ஈக்களுக்குத் தொற்றி அவற்றின் ஒளிவேட்கை குன்றியதாகவும், இதற்கு ஏன் அவர்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது.

அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா, கண் வலியா என்று தெரியவில்லை.

"நான் இன்னா சார் பதில் எழுதறது? ஈக்கு நம்பிக்க போச்சுன்னா அதுக்கு நானா பொறுப்பு? எனுக்கே எங்க கீதுன்னு தேடிக்கினு கீறேன்."

விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. மறுநாளே டெல்லியிலிருந்து வல்லுநர் குழு வருவதாகத் தந்தி வந்தது. நிலையத்தைத் தொடரலாமா, மூடலாமா என்று நேரில் சோதித்துப் பார்த்து முடிவு செய்யப்போகிறார்களாம். சாயங்காலம் இயக்குநர் வியாகுலம்மாளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். உத்தரவு டைப் அடிக்க என்னையும் உள்ளே உட்காரவைத்தார். முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

"நீ அப்போது சொன்னாயே, அந்தப் பொருள்..."

"கருப்பட்டியா சார்?"

"பெயர் வேண்டாம். அது எங்கே கிடைக்கும்?"

"அண்ணாச்சி திருவொத்தியூர்ல கீறாரு."

"நாளைக் காலை விளக்குக்குப் பின்னால் அது இருக்கவேண்டும். குழு போனதும் உன் உத்தரவில் கையெழுத்து." என் பக்கம் திரும்பி, "நிரந்தர உத்தரவு ஒன்று அடியுங்கள்," என்றார்.

அடித்தேன். ஒன்பது வருடத்தில் நான் சந்தோஷமாக அடித்த ஒரே தாள் அது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் திருவொற்றியூர் போன கதையை மறுநாள் சொன்னாள். தங்கப்பாண்டி அண்ணாச்சி சிரித்தாராம். "ஈக்கா கேக்கிய? மனுசனுக்கே நல்ல கருப்பட்டி அபூர்வமாக் கெடக்கு. சரி, கொண்டு போங்கம்மா," என்று ஒரு கருப்பட்டி வட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாராம். தாமஸைப் பற்றி விசாரித்தவர், கூப்பிட்டு இன்னொன்றும் கொடுத்திருக்கிறார். "இது ஒங்க வீட்டுக்காரருக்கு. சுக்கு தட்டிப் போட்டுக் குடுங்க."

ஆனால் இயக்குநர் அந்த இரண்டாவது வட்டையும் பார்த்துவிட்டார். ஒன்று போதாமல் போனால் என்ன செய்வது என்று அதையும் விளக்குக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். குழு போனதும் எடுத்துக்கொள் என்றார்.

குழுவில் ஐந்து பேர். ஈக்களை விட்டார்கள். தொண்ணூற்றேழு வந்தன. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் மூக்கை உறிஞ்சி, ஏதோ இனிப்பு வாசனை வருகிறதே என்று கேட்டார்.

"சாயங்கால டிபன் தயாராகிறது," என்றார் இயக்குநர்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. டிபனில் கேசரி போட்டார்கள். குழுத் தலைவர் எழுந்து பேசினார். "பல நிலையங்களைப் பார்த்துவிட்டேன். எங்கும் முடிவுகள் ஒவ்வொரு நாளும் மாறுகின்றன. இங்கே ஒன்பது வருடமாக ஒரே முடிவு. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை. நாங்கள் அறிவியல் என்று தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்."

நிலையத்தை மூடவில்லை. உயர்த்தினார்கள். தேசிய நிலையம் என்று பெயர் மாறியது. நகரத்தின் தென்கோடியில் மரம் நிறைந்த இடத்தில் புதுக் கட்டடம் கட்டுவதாகவும், அதுவரை பழைய இடத்திலேயே நடக்கும் என்றும் உத்தரவு வந்தது. முடிவு மாறக்கூடாது என்று இரண்டு வட்டையும் விளக்குக்குப் பின்னாலேயே இருக்கச் சொல்லிவிட்டார் இயக்குநர். தேசிய நிலையத்தில் தற்காலிகப் பணியிடமே கிடையாது. எல்லா வேலைக்கும் குறைந்தது எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். வியாகுலம்மாள் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவள்.

தேவப்பிரியம் அவளைக் கூப்பிட்டு அந்த நிரந்தர உத்தரவைக் காட்டினார். இயக்குநர் சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"உத்தரவு சரியா இருக்கு," என்றார் தேவப்பிரியம். "அதில சொல்லியிருக்கிற பதவிதான் இப்போ இல்லே. முப்பத்தொன்னாம் தேதியோட நீ நின்னுக்கணும்."

"அப்ப அட்ட சார்? ஆஸ்பத்திரி அட்ட?"

"அட்டை பதவிக்குத்தான்மா. ஆளுக்கு இல்லே."

அவள் இடத்துக்குத் தேவப்பிரியத்தின் தங்கை மகன் கருணாகரன் வந்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறியவன். ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியலை இயக்குநரே சொல்லச் சொல்ல அடித்தேன். குழாய், விளக்கு, இறகு என்று வந்து, விளக்குக்குப் பின்னால் இருந்ததை என்னவென்று போடுவது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பிறகு, இரண்டாம் ஒளி மூலம், எண்ணிக்கை இரண்டு என்று போடச் சொன்னார். போட்டேன்.

கடைசி நாள் அவள் கருணாகரனுக்கு வேலையைக் காட்டினாள். அவன் விளக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டான்.

"வெளிச்சம் சார்," என்றாள். "இந்த ஆபீசுல இதுக்கு அப்டித்தான் பேரு. மழ பேஞ்சா கரையும், பாத்துக்க."

பிறகு அதில் ஒரு வட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி தாமஸுக்காகக் கொடுத்ததுதானே. வாசலில் காவலாளி மஜீது எல்லோர் பையையும் பார்ப்பான். ஒன்பது வருடமாக அவள் பையைத் திறந்தும் பார்க்காதவன் அவன். அன்று தேவப்பிரியம் அவன் பக்கத்திலேயே பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?" என்றான் மஜீது.

"எங்க வூட்டுக்காரருக்கு, பாய். அண்ணாச்சி குட்த்தது."

தேவப்பிரியம் பட்டியலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். மஜீது படித்தான். அவளைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி நின்ற என்னைப் பார்த்தான். அந்த வரியை அடித்தவன் நான் என்று அவனுக்குத் தெரியும். இப்போதும் ஒரு வார்த்தை போதும், அது கருப்பட்டி சார் என்று. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"லிஸ்ட்ல கீதுக்கா," என்றான் மஜீது. "நான் இன்னா பண்ணுவேன். பேஜாரு புடிச்ச ஆபீசு."

அவள் தகராறு செய்யவில்லை. வட்டை எடுத்து அவன் காவல் கூண்டுக்குள் இருந்த முக்காலியில் வைத்தாள். "அவரு இருமி இருமி ராத்திரியெல்லாம் குந்திகினே கீறாரு பாய்," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். தாமஸுக்குக் கடைசிவரை வராந்தாதான் கிடைத்தது. அடுத்த தவக்காலம் முடியும்வரை அவர் இருக்கவில்லை.

கருப்பட்டி அன்று சாயங்காலம் வரை வாசல் கூண்டிலேயே கிடந்தது. ஜன்னல் இல்லாத தகரக் கூண்டு அது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போகும்போது குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் குழாயிலிருந்து தப்பித்துப் போய்க் கட்டடத்தில் பெருகிய ஈக்களெல்லாம் வெயிலை விட்டு வரிசையாக அந்த இருட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. மஜீதும் பார்த்தான். கவனிக்கும் அதிகாரம் உள்ளவர் யாரும் அங்கே இல்லை.